டிக்ஸி டீன், அந்த 60 கோல், வாரம் 8 பவுண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022-23 சீசனில் எர்லிங் ஹாலண்ட் 36 கோல் அடித்து பிரீமியர் லீக் சாதனையை முறியடித்தபோது, இங்கிலாந்தில் ஒரே சீசனில் ஒருவர் அடித்த அதிகபட்சம் இதுதான் என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். கால்பந்து 1992-ல்தான் பிறந்தது என்று நம்புகிறவர்களோடு சண்டை போட்டுப் பயனில்லை. (பிரீமியர் லீக் தொடங்கியது அந்த வருஷம்தான்.) ஆனால் பழைய கணக்கைக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன்.

யார் இந்த டிக்ஸி டீன்?

முழுப்பெயர் வில்லியம் ரால்ஃப் டீன். 1907 ஜனவரி 22-ல் பர்க்கன்ஹெட்டில் பிறந்தார். மெர்சி ஆற்றுக்கு இந்தக் கரையில் பர்க்கன்ஹெட், அந்தக் கரையில் லிவர்பூல். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே எவர்ட்டன் கிளப்பின் சென்டர் ஃபார்வர்டு, அதாவது கோல் அடிப்பதற்கென்றே முன்வரிசை நடுவில் நிற்பவர். 1925-லிருந்து 1938 வரை அங்கே 433 ஆட்டம், 383 கோல். அதில் லீக் ஆட்டம் மட்டும் 399, கோல் 349. 1927-28 சீசனில் முதல் டிவிஷனில், அதாவது அன்றைய உச்ச லீக்கில், 39 ஆட்டத்தில் 60 கோல். கிட்டத்தட்ட நூறு வருஷமாகிறது, அந்த அறுபதை இன்னும் யாரும் தொடவில்லை.

எங்கிருந்து வந்தார்? பணக்கார வீட்டுப் பையனா?

இல்லவே இல்லை. அப்பா ரயில் ஓட்டுநர். பையன் விடியற்காலை நாலரைக்கு எழுந்து வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு வந்தவன். அவருக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா குடிசன் பார்க்குக்குக் கூட்டிப்போய் எவர்ட்டன் ஆட்டத்தைக் காட்டியிருக்கிறார். அது 1914-15, எவர்ட்டன் லீக் சாம்பியன் ஆன வருஷம். அதோடு சரி, பையன் விழுந்துவிட்டான்.

எனக்குப் பிடித்தது அவருடைய பள்ளிக்கூடக் கதை. ஊரில் தப்புத்தண்டா செய்து பிடிபட்ட பையன்களை அனுப்பும் தொழிற்பள்ளி ஒன்று இருந்தது. அங்கே கால்பந்து ஆட நல்ல வசதி. அதற்காகவே டீன் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டார், எந்தக் குற்றமும் செய்யாமல். மற்ற பையன்கள் "நீ எதுக்குடா உள்ளே வந்தே?" என்று கேட்டால், திருடி மாட்டிக்கொண்டேன் என்று சொல்லிவைத்தாராம், இல்லாவிட்டால் அங்கே மரியாதை இருக்காதே.

பதினாலு வயதில் பள்ளியை விட்டு ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை பழகப் போனார். எலித்தொல்லைக்குப் பயந்து கூட இருந்த பையன்கள் ராத்திரி ஷிஃப்டு வேண்டாம் என்றார்கள், இவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். பகல் முழுக்கப் பந்து ஆடலாமே! குறுக்கே ஓடிய எலிகளை உதைத்தே காலுக்குப் பயிற்சி ஆயிற்று என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பாராம். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

உள்ளூர் கிளப்பான டிரான்மியர் ரோவர்ஸில் பதினேழு வயதை எட்டும்போது இறங்கினார். 1924-25 சீசனில் அங்கே 27 லீக் ஆட்டத்தில் 27 கோல். 1925 மார்ச்சில் எவர்ட்டன் 3,000 பவுண்டு கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனது.

60 கோல் உண்மையிலேயே லீக்கில் மட்டும் அடித்ததா? நட்பு ஆட்டத்தை எல்லாம் சேர்த்த கணக்கா?

லீக்கில் மட்டும். அந்த வருஷம் எஃப்.ஏ. கோப்பையில் அடித்த 3 தனி, சேர்த்தால் 63. எவர்ட்டன் அந்த சீசனில் 42 ஆட்டத்தில் மொத்தம் அடித்ததே 102. ஐந்தில் மூன்று பங்கு ஒரே ஆள்!

மேன்செஸ்டர் யுனைடெட்டை 5-2 என்று அடித்த ஆட்டத்தில் ஐந்தும் அவருடையது. லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் அவர்களோடு 3-3, அந்த மூன்றும் அவருடையது. இதற்கு நடுவே இங்கிலாந்து அணிக்கும் போய் வந்துகொண்டிருந்தார். தேசிய அணி ஆடுகிறதே என்று அப்போதெல்லாம் லீக்கை நிறுத்திவைக்க மாட்டார்கள், 42-ல் மூன்று ஆட்டம் தவறியும்தான் இந்த 60.

கடைசி நாள் என்ன நடந்தது?

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அதற்கு முந்தைய சீசனில்தான் மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் இரண்டாம் டிவிஷனில் 59 கோல் அடித்திருந்தார். போன வருஷத்துச் சாதனை, பெயிண்ட் கூடக் காயவில்லை. டீன் அதைத் தாண்ட வேண்டும் என்று ஊரே எண்ணிக்கொண்டிருந்தது, ஆனால் இரண்டு ஆட்டம் மிச்சம் இருக்கும்போது அவர் கணக்கு 53. இன்னும் ஏழு வேண்டும். பர்ன்லி மைதானத்தில் 5-3 என்று ஜெயித்த ஆட்டத்தில் நாலு அடித்தார். 57 ஆயிற்று. ஆனால் தொடையில் தசை பிடித்துக்கொண்டது. அந்த வாரம் முழுக்கப் பயிற்சியாளர் ஹாரி குக்குக்கு அந்தக் காலைச் சரிசெய்வதுதான் வேலை.

1928 மே 5, சனிக்கிழமை, குடிசன் பார்க். எதிரே ஆர்சனல். லீக் பட்டம் ஏற்கெனவே எவர்ட்டன் கையில். வந்திருந்த 48,715 பேரும் ஒரே ஒரு எண்ணைப் பார்க்க வந்தவர்கள். ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷத்திலேயே ஆர்சனல் முதல் கோலைப் போட்டுவிட்டது. யாரும் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. உடனே டீன் ஒன்று, 58. கொஞ்ச நேரத்தில் பெனால்டி, 59. கேம்செல் பக்கத்தில் வந்து நின்றாயிற்று.

அதற்கப்புறம் வரவே இல்லை. ஆர்சனல் 2-2 ஆக்கிவிட்டது. அரை மணி, முக்கால் மணி, ஒரு மணி நேரம் என்று போய்க்கொண்டே இருக்கிறது, மூன்றாவது கோல் கிடைக்கவில்லை. ஆட்டம் முடியச் சில நிமிஷமே இருக்கும்போது இடது பக்கம் எவர்ட்டனுக்கு ஒரு கார்னர். எடுக்க வந்தவர் அலெக் ட்ரூப், ஸ்காட்லாந்துக்காரர், ஆள் ரொம்பக் குட்டை, அடிக்கடி விலகிவிடும் தோள்பட்டையைக் கட்டுப்போட்டுக்கொண்டே ஆடுகிறவர். அந்த சீசனில் டீன் தலைக்கு வந்த பந்துகளில் பெரும்பகுதி இவர் அனுப்பியதுதான். இதுவும் அளந்துவைத்த மாதிரி வந்து விழுந்தது. கூட்டத்துக்கு நடுவே டீன் எழும்பினார், தலை பட்டது, பந்து உள்ளே. அறுபது.

அப்போது ஒருவர் மைதானத்துக்குள்ளேயே ஓடிவந்து மீசையும் தாடியுமாகக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கப் பார்த்தார் என்று டீன் பிற்காலத்தில் சொன்னதுண்டு. ஆர்சனல் அப்புறம் ஒன்று அடித்து 3-3 ஆக்கியது, அதை யார் பார்த்தார்கள்? அன்றைக்கு ஆர்சனல் பக்கம் ஆடிய சார்லி பக்கனுக்கு அதுதான் கடைசி ஆட்டம். பெரிய ஆட்டக்காரர், பாவம், அவருடைய விடைபெறும் நாளை வேறொருவர் அபகரித்துக்கொண்டார்.

ஆஃப்சைடு விதியை மாற்றியதால்தானே இவ்வளவு கோல்?

பாதி உண்மை. 1925 வரைக்கும் முன்னால் நிற்கிற ஆளுக்கும் கோலுக்கும் நடுவே எதிரணியில் மூன்று பேராவது இருக்க வேண்டும். தடுப்பாட்டக்காரர் ஒருவர் சட்டென்று நாலடி முன்னால் வந்துவிட்டால் போதும், விசில்தான். நியூகாசிலின் பில் மெக்ராக்கன் இதை ஒரு கலையாகவே வளர்த்து ஆட்டத்தைச் சாகடித்தார். 1925-ல் மூன்றை இரண்டாகக் குறைத்தார்கள். முதல் டிவிஷனில் முந்தைய சீசனில் மொத்தம் 1,192 கோல், விதி மாறிய சீசனில் 1,703. கதவைத் திறந்துவிட்ட மாதிரிதான்.

ஆனால் கதவு எல்லோருக்கும்தானே திறந்தது? அதே விதியில், அதே சேற்றில் ஆடிய மற்ற சென்டர் ஃபார்வர்டுகள் முதல் டிவிஷனில் அறுபதுக்குப் பக்கத்தில் கூட வரவில்லை. மேலும் விதி மாறிய பிறகு கிளப்புகள் சும்மா இருக்கவில்லை, நடுக்களத்தில் ஆடிய சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்துத் தடுப்புக்கென்றே நிறுத்த ஆரம்பித்தன. அப்படி ஒருவர் எந்நேரமும் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும்போது டீன் 1931-32-ல் 38 ஆட்டத்தில் 45 அடித்தார். என்னைக் கேட்டால் அறுபதைவிட இந்த நாற்பத்தைந்துதான் கஷ்டம்.

தலையால் முட்டுவதில்தான் கெட்டிக்காரர், காலால் சுமார் என்கிறார்களே?

அந்த 60-ல் 40 காலால், 20 தலையால் என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதனால் காலால் சுமார் என்பது சரியில்லை. ஆனால் ஊர் நினைவில் நின்றது அந்தத் தலைதான். உயரம் என்று பார்த்தால் ஐந்தடி பத்தங்குலம் சொச்சம், பெரிய பனைமரம் எல்லாம் இல்லை. எப்போது எழும்ப வேண்டும் என்று தெரியும், எழும்பிய பிறகு பந்தை இடிக்காமல் திசை பார்த்துத் திருப்பிவிடுவார்.

அந்தப் பந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோல் துண்டுகளைத் தைத்து, உள்ளே ரப்பர் பை வைத்து ஊதி, வாயை ஷூ கட்டுவது போல நாடா போட்டு இறுக்கியிருப்பார்கள். மழையில் தோல் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். அந்த நாடாப் பக்கம் நெற்றியில் பட்டால் தோல் கிழியும். லங்காஷயர் பக்கம் ஜனவரி மாத சனிக்கிழமைகளில் இப்படி ஒன்று முப்பது கெஜ தூரத்திலிருந்து பறந்து வரும், அதற்குக் கீழே தலையைக் கொடுக்க வேண்டும்.

தலைக்குள் இரும்புத் தகடு வைத்திருந்தார்கள், அதனால்தான் ஹெட்டர் அவ்வளவு வேகம் என்பது நிஜமா?

விபத்து நிஜம். 1926 கோடையில் வடக்கு வேல்ஸில் ஹோலிவெல் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் போனபோது மோதல். மண்டையோடும் தாடையும் உடைந்து ஒன்றரை நாள் நினைவில்லாமல் கிடந்தார். பிழைப்பாரா என்பதே சந்தேகம், பந்து ஆடுவதைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை என்றார்கள் டாக்டர்கள். அக்டோபரில் திரும்பி வந்து லீட்ஸுக்கு எதிரே இறங்கினார், கோலும் போட்டார். எதால்? தலையால்.

தகட்டினால்தான் ஹெட்டர் என்பது ரசிகர்கள் கட்டிய கதை. விபத்துக்கு முந்தைய சீசனிலேயே 32 லீக் கோல் அடித்தவர், அப்போது எந்தத் தகடு? வயது பத்தொன்பது, உடம்பு எருமை மாதிரி. அவ்வளவுதான் ரகசியம்.

"டிக்ஸி" என்று ஏன் பெயர்?

இது அவருக்குப் பிடிக்காத பெயர். நண்பர்கள் "பில்" என்றுதான் கூப்பிட்டார்கள், அவரும் அதைத்தான் விரும்பினார். கறுத்துச் சுருண்ட முடி, மாநிறம். "டிக்ஸி" என்றால் அமெரிக்காவின் தென்பகுதி, அடிமை முறை இருந்த ஊர்கள். இவன் அந்தப் பக்கத்துக் கறுப்பன் மாதிரி இருக்கிறான் என்று கேலியாக ஆரம்பித்த பெயர் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படுவது. சின்ன வயது விளையாட்டுப் பெயர் ஒன்று திரிந்து அப்படி ஆயிற்று என்று இன்னொரு கதையும் உண்டு. எதுவானாலும் பத்திரிகைக்காரர்களுக்கு வசதியான பெயர், ஒட்டிக்கொண்டது. நானும் தலைப்பில் அதைத்தான் போட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் யாருக்கும் ஆள் பிடிபடாது.

எவ்வளவு சம்பாதித்தார்?

கேட்டால் சிரிப்பீர்கள். சீசனில் வாரம் 8 பவுண்டு, கோடையில் வாரம் 6 பவுண்டு. ஜெயித்தால் 2 பவுண்டு, டிரா ஆனால் 1 பவுண்டு கூடுதல். இது எவர்ட்டன் காட்டிய கஞ்சத்தனம் இல்லை, லீக் போட்ட உச்சவரம்பு. 1922-லிருந்து எந்தக் கிளப்பும், எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும், இதற்கு மேல் சம்பளம் தரக்கூடாது. ஐந்து வருஷம் ஒரே இடத்தில் இருந்தால் 650 பவுண்டு வரை தரலாம், அது தனி.

கைத்தொழில் தெரிந்த தொழிலாளி வாரம் மூன்று நாலு பவுண்டு பார்த்த காலம், அதனால் எட்டு என்பது மோசமில்லை. தெருவில் அவர்தான் வசதியானவர். ஆனால் மறுபக்கம் பாருங்கள். ஆர்சனல் ஆட்டத்துக்கு வந்த 48,715 பேருக்கும் தலைக்கு ஒரு ஷில்லிங் என்றே வைத்தால், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு, கிட்டத்தட்ட 2,400 பவுண்டு வாசலில் விழுந்திருக்கும். சிறுவர் டிக்கெட் குறைவு, உட்கார்ந்து பார்க்கிற டிக்கெட் கூடுதல், ஏறக்குறைய சரியாகிவிடும். அன்றைக்குக் களத்தில் இருந்த பதினொரு பேருக்கும் உச்ச சம்பளம், டிரா போனஸ் எல்லாம் கொடுத்தாலும் 99 பவுண்டு. அறுபதாவது கோல் அடித்தவர் கைக்கு அந்த வாரம் வந்தது அதிகபட்சம் ஒன்பது.

ஆட்டத்துக்கு டிராமில், ரசிகர்களோடு ரசிகராக நின்றுகொண்டுதான் போய் வந்தார்கள் அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள். போன வாரம் ஏன் அந்தப் பந்தை வெளியே அடித்தாய் என்று பக்கத்தில் நிற்கிறவர் நேராகவே கேட்பார்.

அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் லண்டனில் டீனைச் சந்தித்த கதை ஒன்று உண்டு. 1927-ல் ரூத் அடித்த ஹோம் ரன்னும் சரியாக 60 என்பதால் பத்திரிகைகளுக்குத் தீனி. இவ்வளவு கூட்டம் வருகிறதே, இதில் உனக்கு எவ்வளவு என்று ரூத் கேட்டாராம். பதிலைக் கேட்டு அவர் நம்பவில்லை என்று டீன் சொல்வார்.

அப்படியென்றால் அதிகம் தருகிற கிளப்புக்குப் போயிருக்கலாமே? எவர்ட்டன் மீது அவ்வளவு விசுவாசமா?

இங்கேதான் எனக்கு எல்லோரோடும் கொஞ்சம் தகராறு. விசுவாசம் என்ற வார்த்தையைப் பழைய ஆட்டக்காரர்கள் மீது ரொம்பத் தாராளமாகத் தெளிக்கிறோம். அதிகம் தருகிற கிளப் என்று ஒன்று கிடையாது, உச்சவரம்பு எல்லோருக்கும் ஒன்றுதான். அதைவிட முக்கியம், ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் சொத்து. அவர்கள் விடவில்லை என்றால் லீக்கில் வேறெங்கும் ஆட முடியாது. கிளப் விற்றால் பணம் கிளப்புக்கு. 1928-ல் போல்ட்டனிலிருந்து டேவிட் ஜேக்கை ஆர்சனல் 10,890 பவுண்டுக்கு வாங்கியது, உலகமே வாயைப் பிளந்தது. ஜேக்கின் வாரச் சம்பளம் அப்புறமும் அதே எட்டுதான்.

டீனுக்கு இது முதல் நாளே புரிந்திருக்கும். டிரான்மியர் தன்னை 3,000-க்கு விற்றபோது அப்பா அம்மாவுக்கு 300 கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கிடைத்தது 30. லீக் தலைவரிடமே போய்க் கேட்டும் பார்த்தார், விதிப்படி அவ்வளவுதான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதற்காக மனசு எவர்ட்டனில் இல்லை என்று சொல்ல வரவில்லை, எட்டு வயதிலிருந்து அதே பைத்தியம்தானே. 1929-30-ல் காயத்தோடு 25 ஆட்டம்தான் ஆடினார், 23 கோல் போட்டார், கிளப் கடைசி இடம், வரலாற்றில் முதல்முறையாகக் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. அடுத்த வருஷம் இரண்டாம் டிவிஷனில் 37 ஆட்டத்தில் 39 கோல், அணி மொத்தம் 121, திரும்ப மேலே. அதற்கடுத்த வருஷம் முதல் டிவிஷன் சாம்பியன். அதற்கடுத்த வருஷம் எஃப்.ஏ. கோப்பை. மூன்று வருஷத்தில் மூன்றையும் வென்றார்கள், கடைசியில் கேப்டனும் அவரே. விருப்பமும் இருந்தது, கட்டாயமும் இருந்தது. அந்தச் சட்டத்தின் கீழே இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை என்பதுதான் என் பேச்சு. உச்சவரம்பு ஒழிய 1961 ஆக வேண்டியிருந்தது.

முதன்முதலில் 9-ம் நம்பர் போட்டவர் அவர்தானா?

கிட்டத்தட்ட. 1933 ஏப்ரல் 29, வெம்ப்ளி, எவர்ட்டன் 3, மேன்செஸ்டர் சிட்டி 0. கோப்பை இறுதியாட்டத்தில் முதுகில் நம்பர் போட்டது அன்றுதான் முதல்முறை. எவர்ட்டனுக்கு 1 முதல் 11, சிட்டிக்கு 12 முதல் 22, அதனால் சிட்டி கோல்கீப்பர் முதுகில் 22! டீனுக்கு 9, ஒரு கோலும் போட்டார். ஆனால் நம்பர் போட்டு ஆடிப் பார்த்தது அதற்கு முன்பே, 1928-ல் ஆர்சனலும் செல்சியும் லீக் ஆட்டங்களில் செய்தவைதான். அதனால் "உலகின் முதல் 9" என்று டீசர்ட்டில் அச்சடிக்காதீர்கள்.

இங்கிலாந்துக்கு 16 ஆட்டம்தானா? ஏன்?

16 ஆட்டம், 18 கோல். அதிலும் முதல் ஐந்து ஆட்டத்தில் மட்டும் 12. 1927-ல் ஸ்காட்லாந்தை ஹாம்டன் பார்க்கில் 2-1 என்று ஜெயித்தபோது இரண்டும் அவர் அடித்தவை. 1932 அக்டோபருக்குப் பிறகு கூப்பிடவே இல்லை, அப்போது வயது 25.

அன்றைய இங்கிலாந்து வருஷத்துக்கு ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து என்று மூன்று ஆட்டம், கோடையில் ஐரோப்பாவில் இரண்டு மூன்று, அவ்வளவுதான் ஆடும். அணியைத் தேர்ந்தெடுத்தது மேனேஜர் இல்லை, ஒரு கமிட்டி. ஒரு மோசமான ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டத்தில் ஆளை மாற்றிவிடுவார்கள். உலகக் கோப்பையோ, வேலையை விட்டுவந்து ஆடும் அமெச்சூர்களுக்கு ஈட்டுப்பணம் தரலாமா என்ற சண்டையில் 1928-லேயே ஃபிஃபாவை விட்டு வெளியேறிவிட்டதால் 1930, 1934, 1938 மூன்றிலும் இங்கிலாந்தே இல்லை.

லிவர்பூல் கோல்கீப்பர் கதை?

எலிஷா ஸ்காட். தெருவில் எதிரே வந்த டீன் மரியாதைக்குத் தலையை ஆட்டியதும், பந்து வருகிறது என்று ஸ்காட் பக்கத்திலிருந்த கடைக் கண்ணாடிக்குள்ளே பாய்ந்துவிட்டாராம். நடக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் சொல்வதை நிறுத்தப்போவதில்லை. லிவர்பூலுக்கு எதிரே டீன் அடித்தது 19 கோல், கதை பிறக்க அது போதும்.

டாமி லாட்டன் வந்ததால்தான் துரத்தப்பட்டாரா?

1936 டிசம்பர் 31-ல் பர்ன்லியிலிருந்து 6,500 பவுண்டுக்குப் பதினேழு வயது லாட்டனை எவர்ட்டன் வாங்கியது. எதற்கென்று டீனுக்கும் தெரியும். என் இடத்துக்குத்தான் வந்திருக்கிறாய், என்னால் ஆன உதவியைச் செய்கிறேன் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். சொன்னபடி பந்தைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தலையால் முட்டச் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் அந்தக் காலத்தின் சிறந்த ஹெட்டர் என்று பெயரெடுத்தவர் லாட்டன்.

கசப்பு லாட்டனோடு இல்லை, கிளப் அலுவலகத்தோடுதான். எவர்ட்டனில் அப்போது மேனேஜர் என்று ஒருவரே கிடையாது, இயக்குநர்களும் செயலாளரும்தான் எல்லாம். டீனைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்த செயலாளர் டாம் மெக்கின்டோஷ் 1935-ல் இறந்துபோனார், அவருக்குப் பின் வந்த தியோ கெல்லியோடு டீனுக்கு ஒத்துப்போகவில்லை. 1938 மார்ச்சில் மூன்றாம் டிவிஷன் தெற்கில் இருந்த நாட்ஸ் கவுன்டிக்கு விற்றார்கள். விலை 3,000 பவுண்டு. பதிமூன்று வருஷம் முன்னால் வாங்கிய அதே விலை! அங்கே காயத்தில் 9 ஆட்டம், 3 கோலோடு முடிந்தது.

அப்புறம் எப்படிப் பிழைத்தார்?

போருக்குப் பிறகு செஸ்டரில் "டப்ளின் பாக்கெட்" என்ற மதுக்கடையைப் பல வருஷம் நடத்தினார். அதற்குப் பின் லிவர்பூலில் லிட்டில்வுட்ஸ் நிறுவனத்தில் வாசல் காவல் வேலை. அந்த நிறுவனத்தின் முதலாளி ஜான் மூர்ஸ்தான் எவர்ட்டன் தலைவரும். கால்பந்து முடிவுகள் மீது பணம் கட்டும் கூப்பன் வியாபாரத்தில் வளர்ந்த நிறுவனம் அது, அதன் வாசலில் 60 கோல் அடித்தவர் காவலுக்கு நின்றார். அவர் அதில் எந்த அவமானமும் பார்த்ததாகத் தெரியவில்லை, நமக்குத்தான் என்னமோ செய்கிறது. 1964-ல் குடிசனில் அவருக்காக நடத்திய நிதி ஆட்டத்துக்கு 36,000 பேர் வரை வந்தார்கள். 1976-ல் ரத்தக் கட்டினால் வலது காலை எடுத்துவிட்டார்கள்.

மைதானத்திலேயே இறந்தார் என்பது உண்மையா?

உண்மை. 1980 மார்ச் 1, குடிசன் பார்க், எவர்ட்டன்-லிவர்பூல் ஆட்டம். உடம்பு சரியில்லாமல் ரொம்ப நாளாக மைதானத்துக்கு வராதவர் அன்றைக்கு வந்திருந்தார். ஆட்டத்தின்போதே மாரடைப்பு. வயது 73. லிவர்பூல் 2-1 என்று ஜெயித்தது.

சரி, ஹாலண்டா, டீனா?

ஒப்பிட முடியாது என்று நழுவுவது எளிது. எண்ணை மட்டும் பார்த்தால் ஹாலண்ட் 35 ஆட்டத்தில் 36, டீன் 39 ஆட்டத்தில் 60. இன்றைய தடுப்பாட்டக்காரர் வேகமும் உடல்தகுதியும் வேறு. அன்றைக்கோ மாற்று ஆட்டக்காரர் கிடையாது, கோல்கீப்பரையே தோளால் இடித்து வலைக்குள் தள்ளலாம், பின்னாலிருந்து காலை வாரினாலும் நடுவர் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார். கணுக்காலுக்கு மேல் ஏறும் தோல் பூட்ஸ், முன்பக்கம் கட்டை மாதிரி. இப்படி அடி வாங்கிய ஆள் ஒருமுறை கூடக் களத்திலிருந்து வெளியேற்றப்பட்டதில்லை. என் ஓட்டு டீனுக்கு, அது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஸ்லைகோ மெடல் கதை என்ன?

1939 தொடக்கத்தில், கால் ஏறக்குறைய ஓய்ந்த நிலையில், அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் ஸ்லைகோ என்ற சின்ன ஊருக்கு ஆடப் போனார். சில மாதம்தான், 7 லீக் ஆட்டம், 10 கோல், அதில் வாட்டர்ஃபோர்டுக்கு எதிரே ஒரே ஆட்டத்தில் ஐந்து. அயர்லாந்துக் கோப்பை இறுதிக்கும் ஸ்லைகோவைக் கூட்டிப்போனார். டப்ளினில் ஷெல்போர்னோடு 1-1, ஸ்லைகோவின் கோல் அவருடையது. மறு ஆட்டத்தில் 1-0 என்று தோற்றார்கள். தோற்றவருக்கான மெடலை யாரோ திருடிவிட்டார்கள். 1978-ல் ஸ்லைகோ மறுபடி கோப்பை இறுதிக்கு வந்தபோது, ஒரு காலோடு அதைப் பார்க்கப் போயிருந்தார் டீன். அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கு ஒரு சின்னப் பொட்டலம் வந்தது, அனுப்பியவர் பெயர் இல்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே அந்த மெடல், முப்பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம்.